தாரா வேட்டையும் தோணிக்காரனும்

2004ஆம் ஆண்டு, சுனாமிக்குச் சில மாதங்களுக்கு முன்னர், எங்களூரில் நடந்த ஒரு வாசிப்புக் கூட்டத்தில் ஹெமிங்வேயின் நாவல் ஒன்றைப் பற்றிப் பேசினேன். 1950இல் வெளிவந்த ‘ஆற்றைக் கடந்து மரங்களுக்குள்’ என்பது அதன் பெயர். ஹெமிங்வேயின் தோல்வி என்று அந்நாளைய விமர்சகர்களிற் பலர் ஒதுக்கிய நாவல். நான் பேச எடுத்துக்கொண்டது அதன் முதல் அத்தியாயத்தை மட்டுந்தான். வெனிஸ் பக்கத்துக் களப்பொன்றில், விடிய இரண்டு மணித்தியாலம் இருக்கையில், கேணல் கன்ட்வெல் தாரா வேட்டைக்குப் போகிறார். களப்பு உறைந்து கிடக்கிறது. பனித்தகட்டை உடைத்துக்கொண்டு தோணி நகர்கிறது. ஒளிந்திருந்து சுடுவதற்காகத் தண்ணீருக்குள் புதைத்து வைத்த மரப்பீப்பா, சுற்றிவர மிதக்கவிட்ட பார்வைத் தாராக்கள், வெளிச்சம் வர வரக் கேட்கும் சிறகொலி. இவற்றையெல்லாம் நான் விஸ்தாரமாகப் பேசினேன். இருபது பேரளவில் வந்திருந்தார்கள், ரசித்தார்கள்.

முடிவில் பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தாள். அப்போது அவள் பல்கலைக்கழக மாணவி. “சேர், அந்தத் தோணிக்காரன் ஏன் அவ்வளவு கோபமா இருக்கான்? அவர் நல்ல மாதிரித்தானே கதைக்கார்?” என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியும். நாவலின் கடைசிப் பகுதியில் அந்தக் காரணம் வருகிறது. ஆனால் நான், “அது அவன்ட சுபாவம். ஹெமிங்வே எல்லாத்தையும் சொல்ல மாட்டார்” என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். ஹெமிங்வே சொல்லியிருந்தார். நான்தான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்குக் கட்டுரையின் பிற்பகுதியில் வருகிறேன். அதற்குள் போக, தாரா வேட்டைக் கதைகள் சிலவற்றினூடாக நடந்து செல்ல வேண்டியிருக்கிறது.

கூட்டாளிமாரோடு வேட்டைக்குப் போவது பற்றிய இலக்கியத்தில் ஒரு வழக்கம் உண்டு. துவக்கு வைத்திருப்பவர்கள்தான் கூட்டாளிகள். தோணி தள்ளுபவனும், விழுந்த பறவையை நீந்திப்போய் எடுத்து வருபவனும், குளிரில் காத்து நிற்பவனும் அந்தக் கணக்கில் வருவதில்லை. பெரும்பாலும் அவர்களுக்குப் பெயரே இராது. இதைப் பிரதியின் மௌனம் என்று சொல்லிக் கடந்து விடலாம். நமது விமர்சகர்களுக்கு அந்தச் சொல் இப்போது மிகவும் இலகுவாக வருகிறது. ஆனால் எல்லா மௌனமும் ஒன்றல்ல. சிலர் தெரியாமல் மௌனமாக இருக்கிறார்கள். சிலர் தெரிந்துகொண்டு மௌனமாக இருக்கிறார்கள். துர்கனேவ் மௌனமாக இருக்கவில்லை.

1847இல் துர்கனேவ் எழுதிய ‘ல்கோவ்’ என்ற கதை, பின்பு 1852இல் ‘வேட்டைக்காரனின் சித்திரங்கள்’ என்ற தொகுதியில் சேர்ந்தது. கொன்ஸ்ரன்ஸ் கார்னெற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் நான் வாசித்தேன். கதை என்று சொல்ல அதில் பெரிதாக எதுவுமில்லை. கதைசொல்லியான பிரபு, யெர்மோலாய் என்ற அவனது வேட்டைத் துணை, வழியில் வந்து ஒட்டிக்கொண்ட விளாதிமிர் என்ற விடுதலை பெற்ற அடிமை, இந்த மூவரும் நாணல் மண்டிய ஒரு பெருங்குளத்தில் தாரா சுடப் போகிறார்கள். விளாதிமிருக்கு நாடியில் கட்டுப்போட்டிருக்கிறது, சுட்டுவிரல் இல்லை. வேட்டை தெரியாத ஆத்ம நண்பன் ஒருவன் ஆசையாகக் கேட்டான் என்று துவக்கைக் கொடுத்திருக்கிறான்; அவன் விளையாட்டுக்குக் குறிபார்த்து இவனுடைய நாடியையும் விரலையும் கொண்டுபோய்விட்டான். கூட்டாளிமார் வேட்டைக்குப் போவது எவ்வளவு ஆபத்தான காரியம் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

தோணி இல்லாமல் தாராவை எடுக்க வழியில்லை. ஆகவே சுச்சோக் வருகிறான். அறுபது வயதைத் தாண்டிய, கந்தல் உடுத்த, வெறுங்காலுடன் நிற்கும் கிழவன். மீன் இல்லாத ஆற்றுக்கு எசமானி நியமித்த மீன்பிடிகாரன். தோணியின் ஓட்டைகளை அடைக்கும் நேரத்தில் பிரபு அவனுடன் பேச்சுக் கொடுக்கிறான். அந்த உரையாடல்தான் கதை. கை மாறிய எசமான்கள் ஒவ்வொருவரும் இவனை ஒவ்வொன்றாக்கியிருக்கிறார்கள். சமையற்காரன், வண்டிக்காரன், வீட்டு நாடகத்தில் நடிகன். கோப்பி பரிமாறும் வேலைக்கு வைத்தபோது குஸ்மா என்ற பெயரையும் எடுத்துவிட்டு அந்தோன் என்று வைத்தார்கள். தான் கலியாணம் முடிக்காத ஓர் எசமானி, தனது ஆட்கள் எவரையும் முடிக்க விடவில்லை. ஆகவே சுச்சோக்கும் முடிக்கவில்லை. இதையெல்லாம் அவன் முறைப்பாடாகச் சொல்வதில்லை, மழை பெய்தது, வெயில் அடித்தது என்பது போலச் சொல்கிறான்.

பிறகு வேட்டை. தாராக்கள் விழுகின்றன. யெர்மோலாய் சுட்டதொன்றை எட்டி எடுக்கச் சாய, தோணி தண்ணீர் மொண்டு தாழ்கிறது. எல்லோரும் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறார்கள். சுட்ட தாராக்கள் அவர்களைச் சுற்றி மிதக்கின்றன. ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாகத் தேடி யெர்மோலாய் ஆழங் குறைந்த வழியொன்றைக் கண்டுபிடிக்கிறான். வரிசையாக நடக்கிறார்கள். சுச்சோக் குள்ளன். இரண்டு தடவை தண்ணீருக்குள் அமிழ்ந்து குமிழி விடுகிறான். கால்களை உதறித் துள்ளித் துள்ளி எப்படியோ மேலே வருகிறான். அந்த நிலையிலுங்கூட, முன்னால் போகும் பிரபுவின் கோட்டு விளிம்பைப் பிடிக்க அவனுக்குத் துணிவு வரவில்லை. துர்கனேவ் இதை ஒரு வாக்கியத்தின் வாலில் வைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

பண்ணையடிமை முறையைப் பற்றி நூறு பக்கப் பிரசங்கம் செய்திருந்தாலும் இந்தக் கை சொல்லுவதைச் சொல்லியிருக்க முடியாது. அந்த முறை 1861இல் சட்டப்படி ஒழிந்தது. துர்கனேவின் இந்தத் தொகுதிக்கு அதில் பங்குண்டு என்று இலக்கிய வரலாறுகள் எழுதுகின்றன. எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது வேறொன்று. ‘கோட்டு விளிம்பு’ என்பதைக் கவனித்தவன் கோட்டுக்கு உடையவன். தன் முதுகுக்குப் பின்னால் நடந்ததை அவன் திரும்பிப் பார்த்திருக்கிறான், பார்த்தும் கை நீட்டவில்லை. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறான். நமது முற்போக்குக் கதைகளில் கதைசொல்லி எப்போதும் சரியான பக்கத்தில் நிற்பான். ஏழைக்காக அழுவான், ஆனால் அவன் கோட்டுப் போட்டிருக்கமாட்டான். துர்கனேவின் நேர்மை அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

தோல்ஸ்தோயிடம் விஷயம் வேறு மாதிரி. ‘அன்னா கரேனினா’வின் ஆறாம் பாகத்தில் லேவின், ஒப்லான்ஸ்கி, வெஸ்லோவ்ஸ்கி மூவரும் சதுப்பு நிலத்துக்கு வேட்டைக்குப் போகிறார்கள். அது தாரா வேட்டையல்ல, உள்ளான் வேட்டை. ஆனாலும் சேறும் துவக்கும் கூட்டாளிமாரும் ஒன்றுதான். இரவு வைக்கோல் கொட்டிலுக்குள் படுத்துக்கொண்டு, ரயில் பாதையில் காசு பண்ணியவனின் பணம் நேர்மையானதா என்று கதைக்கிறார்கள். ஒப்லான்ஸ்கி கேட்கிறான்: உன் நிலத்தில் நீ ஐயாயிரம் எடுக்கிறாய், குடியானவன் எவ்வளவு உழைத்தாலும் ஐம்பதுக்கு மேல் எடுக்கமாட்டான், இது மட்டும் நேர்மையா? அநியாயம் என்று உணர்ந்தால் நிலத்தைக் கொடுத்துவிடு. லேவினிடம் ஒழுங்கான பதில் இல்லை. உலகத்தின் மிகச் சிறந்த வேட்டைக்கால உரையாடல் இதுவென்று நினைக்கிறேன். ஆயினும் ஒரு குறும்பான சந்தேகம். மறுநாள் காலையில் தோல்ஸ்தோய், லாஸ்கா என்ற வேட்டைநாயின் மனதுக்குள்ளே போய் அது என்ன நினைக்கிறது என்று எழுதுகிறார். அற்புதமாக எழுதுகிறார். ஆனால் முதல் நாள் வெஸ்லோவ்ஸ்கிக்குக் குடிக்கவும் தின்னவும் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாமென்று சொன்ன குடியானவர்களின் மனதுக்குள் யாரும் போகவில்லை. நாய்க்குக் கிடைத்த இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் சோவியத் காலத்து நாடகம் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. அலெக்சாந்தர் வம்பீலவின் ‘தாரா வேட்டை’, 1970இல் அச்சில் வந்தது. எழுதியவர் 1972 ஓகஸ்டில், முப்பத்தைந்து வயதுக்கு இரண்டு நாள் இருக்கையில், பைக்கால் ஏரியில் மூழ்கி இறந்தார். நாடகத்தின் நாயகன் ஸீலவ் வருடம் முழுவதும் வேட்டைக் காலத்துக்காகக் காத்திருக்கிறான். விடியற்காலைப் பனிமூட்டத்தையும் அந்த அமைதியையும் தொழுமிடத்தைப் பற்றிப் பேசுவது போலப் பேசுகிறான். வேடிக்கை என்னவென்றால் அவனுக்குச் சுட வராது. பறவையைக் கண்டால் பதறிவிடுவான். குறி தவறாதவன் அவனது பள்ளித் தோழன் டீமா, உணவகத்தில் பரிமாறுகிறவன். நீ பதறுவது உனக்கு அது உயிரோடு தெரிவதால்தான், சுடுகிறவனுக்கு அது அப்போதே செத்ததுதான் என்று விளக்குகிறான் டீமா. ஒரு நாள் வெறியில் ஸீலவ் அவனை ‘ஏவலாள்’ என்று ஏசிவிட, மற்றவர்கள் அப்பால் போனபின் டீமா ஒரே அடியில் வீழ்த்துகிறான். பிறகு ஒன்றும் நடவாதது போல இருவரும் வேட்டைக்குப் போவது பற்றித் தொலைபேசியில் கதைக்கிறார்கள். சுச்சோக்கின் பேரன் கோட்டைப் பிடிக்கவில்லை, கோட்டுக்காரனின் முகத்தில் குத்திவிட்டான். வம்பீலவ் இதைக் கொண்டாடவில்லை. டீமாதான் நாடகத்தில் மிகவும் குளிர்ந்த ஆள்.

எங்கள் பக்கத்துப் பழைய வேட்டைக்காரர்களுக்கு ஓர் அவசரம் இருந்தது. பிஸ்மி சொல்லிச் சுட்டாலும், தாரா தண்ணீரில் விழுந்தவுடன் பாய்ந்து பிடித்து, உயிர் போகுமுன் அறுக்க வேண்டும். சிறுவனாக அதைக் கரையிலிருந்து பார்த்திருக்கிறேன். யுத்தம் வந்து துவக்கு என்ற சொல்லுக்கே வேறு அர்த்தம் ஏற்படுமுன்னரான காலம் அது. அந்த அவசரத்தின் காரணம் ஸஹீஹ் முஸ்லிமில் அதீ இப்னு ஹாத்திம் வழியாக வரும் ஹதீஸில் இருக்கிறது. வேட்டைப் பிராணி தண்ணீரில் மூழ்கிக் கிடக்கக் கண்டால் உண்ணாதே, அதைக் கொன்றது நீரா, உனது அம்பா என்பது உனக்குத் தெரியாது. சட்டமாக இதைப் படித்தவர்கள் நாம். அதற்குள் இருக்கும் மனோபாவத்தையும் கவனிக்கலாம்: எது கொன்றது என்பது நிச்சயமில்லாதபோது, எனது அம்பல்ல என்று எண்ணி நிம்மதி கொள்ள அது இடம் தருவதில்லை.

நமது மரபிலிருந்து ஒரு வேட்டை நூலைச் சொல்வதென்றால் உஸாமா இப்னு முன்கிதின் ‘கிதாபுல் இஃதிபார்’ தான். 1095இல் சிரியாவின் ஷைஸரில் பிறந்த பிரபு, சிலுவை யுத்தங்களைக் கண்ணால் கண்டவர். ஏறக்குறையத் தொண்ணூறு வயதில் தன் நினைவுகளைச் சொல்லி எழுதுவித்தார். எஸ்கோரியல் நூலகத்தில் 1880இல் டெரன்பூர்க் கண்டெடுத்த கைப்பிரதி, 1929இல் பிலிப் ஹிட்டியின் ஆங்கிலத்தில் வந்தது. கடைசிப் பகுதி முழுக்க வேட்டை. மலைப்பக்கம் கௌதாரிக்கும் முயலுக்கும், ஊருக்கு மேற்கே ஆற்றங்கரை நாணற்காடு நீர்ப்பறவைகளுக்கு என்று இடம் பிரித்துச் சொல்கிறார். பகலில் வேட்டை, இரவில் குர்ஆனைக் கையால் பிரதி செய்தல் என்று வாழ்ந்த தந்தையைப் பற்றிய பக்கங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. அல்-யஹ்ஷூர் என்ற ராஜாளி பதின்மூன்று வருடம் அந்த வீட்டில் ஒரு பிள்ளை போல இருந்தது. பின்பு அதைக் கேட்டு வாங்கிப்போன ஹமாவின் ஆட்சியாளன், அது இறந்தபோது பாடை கட்டி ஜனாஸா போல எடுத்துச்சென்று அடக்கினானாம். ராஜாளியைப் பழக்கும் கனாயிம் போன்ற ஊழியர்களின் பெயர்களையும் திறமைகளையும் உஸாமா ஞாபகமாகச் சொல்கிறார். ஹெமிங்வேயின் தோணிக்காரனுக்குக் கிடைக்காத மரியாதை இது.

இதை வைத்து ஒரு கட்டுரை எழுதி, நமது மரபு மேல் என்று கையைத் தட்டிவிட்டு எழும்பலாம். அப்படியான கட்டுரைகளை நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் உஸாமாவும் கோட்டைக்குச் சொந்தக்காரர்தான். நாணலுக்குள் இறங்கிப் பறவையைக் கலைத்தவர்களின் கதையைத் தேடி நாம் அந்த நூலைப் புரட்டுவதில்லை. நாம் பெருமைக்காகப் புரட்டுகிறோம்.

இனி அந்தத் தோணிக்காரன்.

நாவல் முழுவதும் கேணலின் ஞாபகங்கள், ரெனாட்டா என்ற இளம்பெண்ணுடனான காதல், உணவு, மது. இருதய நோயாளியான அவர் கடைசியில் காரிலேயே இறந்துபோவார். அதற்கு முன் வேட்டை முடிந்து வருகையில், விருந்தோம்பியான அல்வாரிட்டோ பிரபுவிடம், என் தோணிக்காரனுக்கு என்ன வந்தது என்று கேட்கிறார். கேணல் போட்டிருந்த பழைய இராணுவச் சட்டைதான் காரணம் என்கிறான் பிரபு. நேசநாடுகளின் சீருடையைக் கண்டால் அவனுக்கு அப்படி ஆகிவிடும். விடுதலையை வைத்து ஒரு பகிடியும் விடுகிறான். பிறகு சொல்கிறான்: மொறோக்கோப் படையினர் அவனது மனைவியையும் மகளையும் கெடுத்துவிட்டார்கள். கேணல் தனக்குக் குடிக்க ஏதாவது வேண்டும் என்கிறார். அவ்வளவுதான்.

நான் 2004இல் சொல்லாமல் விட்டது இந்த வரியை. எதிரே இருந்தவர்கள் எல்லோரும் நம்மவர்கள். மொறோக்கோக்காரர் என்றால் முஸ்லிம்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அது ஈராக்கில் அபூ குறைப் சிறையின் படங்கள் வெளியான வருடம். அந்த வருடத்தில் நின்றுகொண்டு இந்த வரியைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பின்பு அதற்கு நியாயங்கள் தேடினேன். நல்ல நியாயங்களே கிடைத்தன. இத்தாலியில் போரிட்ட மொறோக்கோ, அல்ஜீரியப் படைகள் ஜெனரல் ஜுவானின் பிரெஞ்சுப் படையணியைச் சேர்ந்தவை. 1944 கோடையில் அந்தப் படையணி இத்தாலியை விட்டு எடுக்கப்பட்டது. வெனிஸ் பக்கத்தில் யுத்தம் முடிந்தது 1945 வசந்தத்தில். ஆகவே வெனிஸ் களப்பின் தோணிக்காரனுக்கு இந்தக் கதை இடத்தால் பொருந்தாது. ஹெமிங்வே 1948இல் அந்தக் களப்புகளில் வேட்டையாடப் போன இடத்தில் காதில் விழுந்ததைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டார் என்று வாதிடலாம். கீழைத்தேயத்தவனைக் காமுகனாகச் சித்திரிக்கும் காலனியப் பார்வை என்று எட்வேர்ட் ஸெய்தைத் துணைக்கு அழைக்கலாம். கட்டுரைக்கான தலைப்புக் கூட வைத்திருந்தேன்.

அந்தக் கட்டுரையை எழுத விடாமல் தடுத்தது இன்னொரு நாவல். அல்பெர்த்தோ மொராவியாவின் ‘லா சோச்சாரா’, 1957. டி சிக்கா அதை 1960இல் படமாக்கினார், சோபியா லோரன் நடித்தது. யுத்தத்துக்குத் தப்பி மலைக்கிராமத்தில் ஒளிந்திருந்த ஒரு தாயும் மகளும், விடுதலை வந்துவிட்டது என்று திரும்பும் வழியில், ஒரு தேவாலயத்துக்குள் மொறோக்கோப் படையினரிடம் அகப்படுகிறார்கள். அது கற்பனையல்ல. 1944 மே மாதத்தில் மொன்ரே கஸினோவுக்கு அருகான அரண் உடைந்த பிறகு, சோச்சாரியா ஊர்களில் ஏராளமான பெண்களுக்கு நடந்தது அது. இத்தாலியர் அதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். வெனிஸுக்குப் பொருந்தாத அந்தக் கதை வேறு ஊர்களில் நடந்திருக்கிறது. தோணிக்காரன் அந்தக் களப்பைச் சேர்ந்தவன் அல்ல என்று நிரூபித்து எனக்கு என்ன ஆகப் போகிறது?

அவர்கள் காலனியின் குடிமக்கள், வேறொருவனின் யுத்தத்துக்கு அழைத்துவரப்பட்டவர்கள், கட்டளையிட்ட அதிகாரிகள் பிரெஞ்சுக்காரர்கள். இவையும் உண்மை. ஹெமிங்வேக்கு இது எதிலும் அக்கறை கிடையாது. அவருக்கு அந்த ஒற்றை வரி, கேணலின் கையில் ஒரு கிளாஸைக் கொடுப்பதற்கான காரணம் மட்டும். தோணிக்காரனுடைய மனைவியும் மகளும் கதைக்குள் ஒரு கணமும் வருவதில்லை. துர்கனேவ் ஒரு வாக்கியத்தின் வாலில் சுச்சோக்கின் முழு வாழ்க்கையையும் காட்டினார். ஹெமிங்வே ஒரு வாக்கியத்தால் இரண்டு பெண்களின் வாழ்க்கையை மூடிவிட்டார். இந்த நாவல் தோற்றது கேணலின் புலம்பலால் அல்ல, இந்த இடத்தினால்தான் என்பது என் கருத்து. ஆனால் இதைச் சொல்லும் உரிமை, அந்த வாக்கியத்தை முதலில் வாய்விட்டு வாசித்தவனுக்குத்தான் உண்டு. மறைத்தவன் ஹெமிங்வேயைக் குறைசொல்ல முடியாது. அவர் ஒரு வரியாவது எழுதினார்.

1990 நமக்கு என்ன வருடம் என்பதை இந்தப் பக்கங்களில் விளக்கத் தேவையில்லை. காத்தான்குடிப் பள்ளிவாசல்களும், வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்களும் நமது கவிதைகளில், கதைகளில் இடம்பெற்றிருக்கிறார்கள். இன்னும் எழுதப்பட வேண்டும். அதே வருடத்தில், அதே கிழக்கில், நம்மவர் சிலர் ஊர்காவல் படைச் சட்டையுடன் அயல் தமிழ்க் கிராமங்களுக்குள் போன கதையும் உண்டு. அதை நாம் எத்தனை பக்கம் எழுதினோம் என்று எண்ணிப்பார்க்க உட்கார்ந்தேன். விரல்கள் மிஞ்சின. அந்தச் சட்டையைக் கண்டால் முகம் இறுகிப்போகும் தோணிக்காரன் எந்தத் துறையில் நிற்கிறானோ தெரியாது. நாம் அவனிடம் நல்ல மாதிரித்தான் கதைத்திருப்போம்.

2004இல் என் கையிலிருந்த ஹெமிங்வே பிரதி அந்த டிசம்பரில் அலமாரியோடு கடலுக்குப் போயிற்று. கொழும்பில் பழைய புத்தகக் கடையொன்றில் வேறொரு பிரதி கிடைக்கப் பல வருடமாயிற்று. கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை இப்போது ஆசிரியை, வேறூரில் இருக்கிறாள். சென்ற வருடம் அவளது விலாசத்தைத் தேடி எடுத்து, சம்பந்தப்பட்ட பக்கங்களைப் போட்டோப் பிரதி பண்ணி, அன்று நான் சொன்னது பொய் என்று ஒரு கடிதமும் வைத்து அனுப்பினேன். இரண்டு கிழமைக்குள் பதில் வந்தது. கூட்டம் அவளுக்கு ஞாபகம் இருக்கிறதாம், தான் கேட்ட கேள்வி ஞாபகமில்லையாம். பக்கங்களை வாசித்தேன் என்றும், அந்த மகள் பிறகு என்ன ஆனாள் என்றும் கேட்டிருந்தாள்.

இன்னும் பதில் எழுதவில்லை.